நடிக்கத் தெரிந்தவரும் நடிக்க வைக்கத் தெரிந்தவரும்



ஒர்க்ஷாப் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். காக்கிச் சட்டை, வைஸ், ஃப்ளாட் ஃபைல், அரை நாள் தேய்த்தும் மூலைமட்டம் சேராத ஓர் இரும்புத் துண்டு! ஆகவே நமது பேரவையின் அறிவிப்புப் பலகையில் "ஐந்து நாள் நாடகப் பட்டறை" என்று எழுதிப் போட்டபோது, முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவர் தேடி வந்து, "அண்ணே, காக்கி போட்டுட்டு வரணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தம்பி கேட்டது அவ்வளவு தவறான கேள்வி அல்ல. நாடகக்காரர்களும் தங்கள் பயிற்சியைப் பட்டறை என்றுதான் சொல்கிறார்கள். 1977-ல் ந. முத்துசாமி முதலியோர் சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குப் பெயரே கூத்துப்பட்டறை. அங்கே தேய்க்கப்படுவது இரும்பு அல்ல, மனிதர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"டிப்ளமா படிக்கிற பயலுகளுக்கு நாடகம் எதற்கு?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை. நடிப்பை முறையாகப் படிக்கும் மாணவர்களையும், ஊர் ஊராகச் சென்று மக்களை வைத்து நாடகம் செய்யும் பயிற்சியாளர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால் என்ன நடக்கும், எப்படி நடத்த வேண்டும், எங்கே வழுக்கும் என்பதைக் கண்டதும் கேட்டதுமாகச் சொல்கிறேன்.

நாங்கள் வாங்கிய அடி

முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கியிருந்தோம். கடைசி நாள் இரவு கோயில் திடலில் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கொத்தனார் ஒருவர் தினமும் குடித்துவிட்டு வருவார். மனைவி அழுவாள். மகள் பள்ளிக்குக் கட்டப் பணமில்லாமல் நிற்பாள். கடைசிக் காட்சியில் மனைவி இரண்டு பக்க வசனம் பேசுவாள். கணவன் மனம் திருந்தி, பாட்டிலைத் தூக்கி எறிவான். திரை! (திரை கிடையாது, இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.)

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நாங்களும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டோம். எல்லாம் முடிந்து ஒலிபெருக்கி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, நடுத்தர வயது அம்மா ஒருவர் அருகில் வந்தார். "நல்லா நடிச்சீங்க தம்பி. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? பேசினா திருந்திடுவாருன்னு காட்டுறீங்களே... இருபது வருசமா நான் பேசாத பேச்சா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தூங்கிப்போன பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. வசனம் இருந்தது, மேக்கப் இருந்தது, மைக் இருந்தது. அந்த அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் மட்டும் எங்களிடம் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை என்பதுதான் உண்மை.

இரண்டு பாதி

நாடகத்துறையில் இரண்டு வகையான ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் வகை, நடிப்பைப் பாடமாகப் படிப்பவர்கள். டெல்லியில் 1959-ல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி போன்ற இடங்களிலும், பல்கலைக்கழக நாடகத் துறைகளிலும் பயில்பவர்கள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுப்பது, உடம்பைத் தளர்த்துவது, ஒரு பாத்திரம் எதற்கு ஆசைப்படுகிறது என்று கண்டுபிடிப்பது, எந்த இடத்தில் பேசாமல் நிற்பது... இதெல்லாம் அவர்களுக்குத் தொழில். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் கை நடுங்காமல் இருக்கத் தெரியும்.

இரண்டாம் வகை, மக்கள் நாடகப் பயிற்சியாளர்கள். இவர்கள் பெரும்பாலும் மேடையில் நட்சத்திரம் அல்ல. 1990-களில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணத்தில் ஊர் ஊராகப் பாடி ஆடியவர்கள், பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் செய்யும் ஆசிரியர்கள், தெருக்கூத்து வாத்தியார்கள், மகளிர் குழுக்களோடு வேலை செய்பவர்கள் என்று பலவகை. வாய் திறக்காத ஒருவரைப் பேச வைப்பதுதான் இவர்களுடைய திறமை. ஊருக்குள் நுழைந்தால் யாரை முதலில் பார்க்க வேண்டும், எந்தத் தெருவில் நாடகம் போட்டால் எந்தத் தெரு வராது, பெண்களுக்கு எந்த நேரம் ஒழியும் என்று கைரேகை மாதிரித் தெரிந்து வைத்திருப்பார்கள்.

முதல் வகைக்கு நடிக்கத் தெரியும். இரண்டாம் வகைக்கு நடிக்க வைக்கத் தெரியும். முதல்வர் தனியாகப் போனால் நாடகம் அழகாக இருக்கும், ஊருக்கு ஒட்டாது. இரண்டாமவர் தனியாகப் போனால் ஊருக்கு ஒட்டும். ஆனால் பல சமயம் நாடகம் என்ற பெயரில் பிரசங்கம் நடக்கும், பின்வரிசைக்குக் காதும் கேட்காது. போல்ட் ஒரு பெட்டியிலும் நட் ஒரு பெட்டியிலும் கிடக்கிற கதைதான்!

எஞ்சினியர்கள் இருவர்

இந்த இரண்டையும் சேர்க்க முனைந்தவர்களில் இருவர் நம்ம ஜாதி, அதாவது எஞ்சினியர் ஜாதி என்றால் நம்புவீர்களா?

ஒருவர் பாதல் சர்க்கார். 1925-ல் பிறந்த வங்காளி. சிவில் எஞ்சினியரிங் படித்து, நகரமைப்பு வேலையில் இருந்தவர். மேடை, விளக்கு, டிக்கெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நடிகரின் உடம்பை மட்டும் நம்பி, பார்வையாளரோடு சமதளத்தில் நடத்துகிற நாடகத்தை உருவாக்கினார். அதற்கு மூன்றாம் அரங்கு என்று பெயரிட்டார். நகரத்து நாடகமும் கிராமத்துக் கூத்தும் முதல் இரண்டு என்றால், இது மூன்றாவது. 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ்நாட்டின் நவீன நாடகக்காரர்கள் பலரைத் தெருவுக்கு அழைத்து வந்தது. அவர் 2011-ல் காலமானார்.

இன்னொருவர் பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால். 1931-ல் பிறந்தவர். படித்தது கெமிக்கல் எஞ்சினியரிங்! அமெரிக்காவுக்கு அதைப் படிக்கப் போனவர் கூடவே நாடகமும் படித்துவிட்டுத் திரும்பி, சாவோ பாவ்லோ நகரில் அரேனா என்ற நாடகக் குழுவில் இயக்குநர் ஆனார். அவர் பட்ட இரண்டு அனுபவங்களைச் சொன்னால் விஷயம் விளங்கிவிடும்.

1960-களின் தொடக்கத்தில் அவரது குழு, வறண்ட வடகிழக்குப் பிரேசிலின் கிராமங்களுக்குச் சென்றது. நிலத்துக்காக உழவர்கள் ரத்தம் சிந்தவும் தயங்கக் கூடாது என்று, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துப் பாடி நாடகத்தை முடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த உழவர் ஒருவர் கண்கலங்கி ஓடி வந்தார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உங்கள் துப்பாக்கிகளோடு கிளம்புங்கள், நிலத்தைப் பறித்தவனின் ஆட்களைப் போய் விரட்டுவோம் என்றார். நடிகர்கள் நெளிந்தார்கள். இவை அட்டைத் துப்பாக்கிகள் என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, ஆட்கள் வந்தால் போதும் என்றார் உழவர். நாங்கள் கலைஞர்கள்தான், உழவர்கள் அல்ல என்றார்கள் இவர்கள். அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தைத்தானா என்பதுதான் அந்த உழவருக்குப் புரிந்தது. தானே இறங்கத் தயாராக இல்லாத காரியத்தை மேடையில் நின்று இன்னொருவருக்கு உபதேசிக்கக் கூடாது என்று போவால் அன்று முடிவு செய்தார்.

பிரேசிலின் ராணுவ ஆட்சி 1971-ல் அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். 1973-ல் பெரு நாட்டில் நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் நாடகப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நம் அறிவொளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் தன் கதையைச் சொன்னார். கணவன் அவரிடம் சில காகிதங்களைக் கொடுத்து, நிலப் பத்திரம், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறான். படிக்கக் கற்றுக்கொண்டு வந்த ஒரு தோழியிடம் காட்டினால், அவை வேறொருத்தி எழுதிய காதல் கடிதங்கள்! அன்று இரவு கணவன் வரும்போது என்ன செய்வது?

நடிகர்கள் அதை நாடகமாக நடித்து, கூட்டத்தில் யார் என்ன யோசனை சொன்னாலும் அதை நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணி, அவனோடு தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை அப்படியே நடித்தார். இல்லை, தெளிவாகப் பேசவில்லை என்றார் அந்தப் பெண்மணி. மறுபடி நடித்தார். அப்போதும் இல்லை. கோபத்தோடு எழுந்து போகப் பார்த்தவரை போவால் மேடைக்கே வந்து செய்துகாட்டச் சொன்னார். அவர் வந்தார். துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை நாலு சாத்து சாத்தினார். பிறகுதான் மன்னித்து, போய்ச் சாப்பாடு எடுத்து வா என்றார். அதுதான் அவருடைய அகராதியில் "தெளிவாகப் பேசுவது"!

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எவ்வளவு தேர்ந்த நடிகராக இருந்தாலும், இன்னொருவர் மனதில் இருப்பதை அவருக்குப் பதிலாக நடித்துவிட முடியாது. அவரே எழுந்து வர வேண்டும். இதிலிருந்து பிறந்ததுதான் மன்ற நாடகம் என்று நாம் சொல்லக்கூடிய முறை. இது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1985-ல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்ற அமைப்பு, சுந்தரவனப் பகுதிக் கிராமங்களில் விவசாயக் கூலிகளையே நடிகர்களாகக் கொண்டு இதைச் செய்து வருகிறது. போவால் 1986-ல் நாடு திரும்பினார். ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது, மக்கள் நாடகத்தில் சொன்ன யோசனைகளைச் சட்ட முன்வரைவாக மாற்றி, 13 சட்டங்கள் நிறைவேற வழி செய்தார். 2009-ல் மறைந்தார்.

நம் மொழியில் நடந்தது

வெளிநாட்டைப் பற்றியே பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இந்தச் சேர்க்கை தமிழில் எப்போதோ நடந்துவிட்டது. இலங்கையில் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், தம் மாணவர்களை மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் கூத்துப் பயில வைத்தார். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்கி மேடையேற்றுபவர். நம் பக்கத்துக் கூத்து வாத்தியார் மாதிரி. விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, 1962-ல் கர்ணன் போர், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று மேடையேற்றினார்கள். படித்தவர்கள் கிராமத்து ஆட்டம் என்று ஒதுக்கிய கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மரியாதை கிடைத்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகிப் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

சரி, மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஊர் என்ன கற்றுக்கொண்டது, ஊருக்கு என்ன திரும்பியது? இந்தக் கேள்வியோடு 2000-க்குப் பிறகு மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தவர்களும் வேறு வழியில் போனார்கள். கூத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்து வராமல், பல்கலைக்கழகம் கூத்து ஆடும் ஊருக்குப் போனது. சீலாமுனை என்ற ஊரில் அண்ணாவியாரும் கூத்தர்களும் ஊராரும் கூடி உட்கார்ந்து, பழைய கூத்துப் பாட்டில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வரும் இடங்களை விவாதித்து, மாற்றி, ஊரின் களரியிலேயே ஆடினார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். கற்றுக்கொடுப்பது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எதற்கு?

ஐந்து நாள் எப்படிப் போனது?

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நாங்கள் பட்டறைக்கு ஏற்பாடு செய்தோம். ஒரு பல்கலைக்கழக நாடகத் துறையிலிருந்து நான்கு மாணவ மாணவியர் வந்தார்கள். மக்கள் நாடகத் தரப்பில் மூவர்: அறிவொளிக் காலத்தில் பாவாடை தாவணியோடு கலைப்பயணம் போன ஓர் அக்கா, பள்ளி ஆசிரியர் ஒருவர், கூத்துக் கட்டும் பெரியவர் ஒருவர். எங்கள் பக்கம் இருபது பேர். இடம் நமது டிராயிங் ஹால். போர்டுகளை ஓரமாக அடுக்கி வைத்தோம். நாற்காலி கிடையாது. எல்லோரும் தரையில் வட்டமாக. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பார்த்தால் தெரியக் கூடாது என்பது முதல் விதி.

முதல் நாள் முழுக்க விளையாட்டு. ஒருவர் தன் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். கை போகிற இடமெல்லாம் முகம் போக வேண்டும், தூரம் மாறக் கூடாது. கையைத் தரைக்குக் கொண்டு போனால் எதிராளி தவழ வேண்டியதுதான்! பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில், அதிகாரம் கையில் இருந்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அடுத்தது நமக்குப் பிடித்தது: ஒருவர் ஓர் அசைவையும் ஒரு சத்தத்தையும் விடாமல் செய்ய, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பல்சக்கரம், பிஸ்டன், பெல்ட் என்று ஒட்டிக்கொண்டு ஒரே எந்திரமாக ஓட வேண்டும். டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு 1978-ல் போட்ட "மெஷின்" என்ற புகழ்பெற்ற தெருநாடகம், நடிகர்கள் இப்படித் தங்கள் உடம்பாலேயே எந்திரமாகி ஓடுவதில்தான் தொடங்குகிறது. தொழிலாளி நின்றால் எந்திரமும் நிற்கும் என்பதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் புரிய வைத்த நாடகம் அது.

இரண்டாம் நாள் சிலை. பேசக் கூடாது. அடுத்தவர் உடம்பைக் களிமண் மாதிரி வளைத்து "சனிக்கிழமை ராத்திரி" என்ற தலைப்பில் ஒரு சிலைக்கூட்டம் செய்ய வேண்டும். மூன்றாம் நாள் அந்தச் சிலைகளுக்கு வாய் கொடுத்து, காட்சி ஆக்கினோம். எங்கள் பழைய கொத்தனார் நாடகத்தையே எடுத்துக்கொண்டோம்.

இங்கேதான் உரசல் வந்தது. நடிப்பு மாணவர் ஒருவர் குடிகாரனாகப் பிரமாதமாகத் தள்ளாடினார். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர்ல இதப் பண்ணினா, அந்தச் சிரிப்புக்குள்ள அவன் தப்பிச்சுப் போயிடுவான். அடி வாங்கினவ மட்டும் சிரிக்காம உக்காந்திருப்பா" என்றார். அந்த மாணவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் மறுநாள் வேறு மாதிரி செய்துகாட்டினார். தள்ளாட்டமே இல்லை. நிதானமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, செருப்பை மெதுவாகக் கழற்றி, ஓரமாக வைத்தார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்கும் பாடம் காத்திருந்தது. அவர் யாரிடமாவது கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் தானே எடுத்துக் கொடுத்து முடித்துவிடுவார். நடிப்பு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. கேட்டுட்டு மூணு எண்ணுங்க. மேடையில எங்களுக்கு அதுதான் கஷ்டம், சும்மா நிக்கிறது. ஆனா அந்த மூணுலதான் எதிர்ல இருக்கறவங்க வருவாங்க" என்றார். முப்பது வருட அனுபவம் உள்ளவர் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். "இத எனக்கு யாரும் சொன்னதில்ல பாப்பா" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களும் பரிமாறப்படுவதற்காகத்தான் பட்டறை என்பேன்.

மன்ற நாடகத்தின் விதிகள்

நான்காம் நாள் விதிகளைப் படித்தோம். எளிமையானவைதான். முதலில் நாடகத்தை ஒருமுறை முழுதாக நடிக்க வேண்டும். அது தோல்வியில் முடிய வேண்டும். பிறகு முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் எழுந்து வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று, தான் செய்வதைச் செய்ய வேண்டும். கொடுமை செய்பவரை மாற்றக் கூடாது. "புருஷன் திடீர்னு நல்லவனாயிட்டான்" என்பது மந்திரம், தீர்வு அல்ல. மற்ற நடிகர்கள் வந்தவருக்காக விட்டுக்கொடுக்கவும் கூடாது, அவரை நசுக்கவும் கூடாது. வாழ்க்கையில் எவ்வளவு எதிர்ப்பு இருக்குமோ அவ்வளவு கொடுக்க வேண்டும். ஒத்திகை பார்க்காத வசனத்தைப் பாத்திரம் கெடாமல் பேச வேண்டியிருப்பதால், பயிற்சி பெற்ற நடிகரின் அருமை இங்கேதான் தெரியும்.

நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒருவர் நிற்பார். போவால் அவருக்கு ஜோக்கர் என்று பெயர் வைத்தார். சீட்டுக்கட்டு ஜோக்கர்தான், எந்த இனத்தையும் சேராதவர். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். "இது நடக்குமா? வேற வழி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இதை விளக்கியபோது கூத்துப் பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இதத்தானேப்பா எங்க கட்டியக்காரன் காலங்காலமா பண்றான்? ராஜாகிட்டயும் பேசுவான், கீழ உக்காந்திருக்கற ஜனங்ககிட்டயும் பேசுவான்" என்றார். உண்மைதானே! நாங்கள் ஜோக்கர் என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு, கட்டியக்காரன் என்றே வைத்துக்கொண்டோம்.

மறுபடியும் அதே திடல்

ஐந்தாம் நாள் அதே கிராமம், அதே திடல். இந்த முறை மைக் இல்லை. அக்கா சொன்னபடி, பெண்கள் அடுப்பு வேலை முடிக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்கினோம். நாடகம் தோல்வியில் முடிந்தது. அக்காதான் கட்டியக்காரன். "இந்தப் பொண்ணு வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேட்டுவிட்டு... மூன்று எண்ணினார். ஐந்துகூட எண்ணியிருப்பார்.

அன்று எங்களிடம் கேள்வி கேட்ட அதே அம்மா எழுந்தார். மனைவியாக நடித்த மாணவியின் முந்தானையைத் தட்டி, "நீ அந்தாண்ட நில்லு கண்ணு" என்றார். கணவன் பக்கமே அவர் போகவில்லை. "மேஸ்திரி எங்க? அவரக் கூப்புடுங்க" என்றார்.

எங்கள் நாடகத்தில் மேஸ்திரி என்று ஒரு பாத்திரமே இல்லை! நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே, நடிப்பு மாணவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னம்மா?" என்று வந்து நின்றார்.

"சனிக்கிழமை கூலிய எதுக்குப் பிராந்திக்கடை வாசல்ல வச்சுக் குடுக்கறீங்க? வேலை நடக்கற எடத்துலயே குடுங்க."

"எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கச் சில்லறை வேணாமா? அங்கதான் கெடைக்குது."

"சில்லறை நாங்க மகளிர் குழுவுல தர்றோம். அஞ்சு மணிக்கு வந்து நிக்கறோம். எங்க முன்னாடி குடுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. ஓர் ஆண், "அதெப்படி, என் கூலிய..." என்று எழுந்தார். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நாடகம் எங்கே முடிந்தது, ஊர்ப் பேச்சு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அந்த மேஸ்திரி எங்கள் தாளில் வந்திருக்க மாட்டார். குடியைக் குடிப்பவனின் குணமாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். கூலி கைமாறுகிற இடமும் நேரமும் அதில் ஒரு பாகம் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

அந்த ஊரில் குடி ஒழிந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். ஒரு நாடகத்தால் அது நடக்காது. அடுத்த சில சனிக்கிழமைகளில் குழுப் பெண்கள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்கள் என்று அக்கா பின்னர் சொன்னார். சில இடத்தில் மேஸ்திரி ஒத்துக்கொண்டாராம், சில இடத்தில் விரட்டினாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு உடனே தெருவில் இறங்கத் துடிக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

நாடகத்தில் எழுந்து பேசிய பெண் அன்று இரவு அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். நாமோ கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். ஆகவே நாம் போன பிறகும் ஊரில் இருக்கப்போகிறவர்கள், அதாவது மகளிர் குழுவோ ஆசிரியரோ, முதலிலிருந்தே கூட இருக்க வேண்டும். அன்று அக்கா அந்த ஊரிலேயே தங்கினார். பெண்கள் உதவி எண் 181 என்பதையும் கூட்டத்தில் சொன்னார்.

ஒருவர் நம்பிச் சொன்ன சொந்தக் கதையை அவர் அனுமதியில்லாமல் நடிக்காதீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பவர்கள் சொல்லும் முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு மக்களிடம் கருத்துக் கேட்பதுபோல் பாசாங்கு செய்யாதீர்கள். மக்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. நடிப்பு மாணவரை ஆட வைக்கவும், மக்கள் நாடகக்காரரை ஆள் சேர்க்கவும் மட்டும் பயன்படுத்தினால் அது கூட்டுப் பயிற்சி ஆகாது. இருவரும் ஒருநாள் ஆசிரியராகவும் ஒருநாள் மாணவராகவும் இருந்தாக வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

"இதனால மார்க் வருமா?" என்று கேட்பீர்கள். வராது. ஆனால் நாளை நாம் ஒரு சூப்பர்வைசராகவோ சைட் எஞ்சினியராகவோ போகும்போது, நம் எதிரே முப்பது தொழிலாளர்கள் நிற்பார்கள். பாதுகாப்பு ஹெல்மெட் போடுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போகலாம். அல்லது ஏன் போடவில்லை என்று கேட்டுவிட்டு, மூன்று எண்ணிக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு மேஸ்திரி வெளியே வரக்கூடும்.

அடுத்த பட்டறைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் பேரவை அறைக்கு வரலாம். முதலாம் ஆண்டுத் தம்பிகளின் கவனத்துக்கு: காக்கி வேண்டாம். தரையில் உட்காரத் தோதான பழைய உடை போதும்.

— கலைச் செயலாளர், மாணவர் பேரவை
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)